அலிபாகில் ஒரு பகல்

கோடை விடுமுறை என்றால் நம்மவர்க்கு ஊர்ப் பயணம் என்றே பொருள். மே மாதம் பிறக்கும் முன்னரே பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு தாதரிலோ குர்லாவிலோ வண்டி ஏறிவிடுகிறோம். மும்பையில் முப்பது ஆண்டு வாழ்ந்த ஒருவர், தம் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் வழியையும், ஊருக்குச் செல்லும் வண்டி புறப்படும் நிலையத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அவ்விரண்டுக்கும் அப்பாலுள்ள நாட்டைப்பற்றி வினவினால் புன்னகை புரிவார். இக்குறையைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. எனக்கும் அது உண்டு.

தஞ்சை மாவட்டத்து நண்பர் ஒருவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றார். ஜூன் மாதத்தில் சொந்த ஊருக்கே திரும்பிவிடுவதென முடிவு செய்து, செம்பூரில் இருந்த வீட்டையும் விற்றுவிட்டார். ஒரு மாலை வேளையில் எங்களோடு உரையாடிக்கொண்டிருந்தவர், "ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அங்கே படகுகள் புறப்படும். எங்கே போகின்றன என்று கேட்பார்கள். 'அலிபாகுக்கு' என்பேன். அலிபாக் எப்படிப்பட்ட ஊர் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அங்கேயே பயணம் முடிவாயிற்று. தஞ்சை நண்பர், தாராவியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நெல்லைச் சீமை அண்ணாச்சி, யான், எட்டாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்த என் மகள் ஆகிய நால்வரும் செல்வது என்று தீர்மானித்தோம்.

ஆனால் அலிபாகுக்கு நினைத்த நாளில் செல்வது தக்கதன்று. அவ்வூரின் சிறப்பு, கடலுக்குள் நிற்கும் குலாபாக் கோட்டை. கடல் நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம் மட்டுமே கரையிலிருந்து அதற்கு நடந்து செல்லலாம். ஏனைய நேரங்களில் இடையே அலை புரளும். எனவே நாளைக் குறிப்பவர் நாமல்லர், கடலே.

இதற்கு ஒரு கணக்கு உண்டு என்று அண்ணாச்சி கண்டறிந்து வந்தார். அவர் கடைக்கு வரும் மீனவப் பெண்மணி ஒருவர் சொல்லிக்கொடுத்தது அது. அன்றைய திதி எத்தனையாவது என்று பார்த்து, அதை முக்காலால் பெருக்கினால், ஓதம் நிறைந்து நிற்கும் மணி வந்துவிடும். தஞ்சை நண்பர் பழைய வாய்ப்பாடு படித்தவர். உடனே அவர், "பஞ்சமி ஐந்து. ஐந்து முக்கால் மூன்றே முக்கால். அப்படியானால் பின்னிரவு மூன்றே முக்காலுக்கும் பிற்பகல் மூன்றே முக்காலுக்கும் நீர் நிறைந்திருக்கும். நடுவில், காலை பத்து மணிக்கு முழுதும் வற்றியிருக்கும்" என்றார். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் நீர் மிகுதியாக வற்றும் எனினும், அது விடியற்காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் நிகழும். ஆதலின் பகல் பயணிகளுக்குப் பயன்படாது. அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ நீர் அவ்வளவாக இறங்குவதில்லை. "அஷ்டமி நவமியில் பயணம் கூடாது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்துகிறதே!" என்று அண்ணாச்சி மகிழ்ந்தார். தேய்பிறைப் பஞ்சமி ஒரு சனிக்கிழமையில் வாய்த்தது. அந்நாளையே கொண்டோம்.

காலை ஆறரை மணிக்குப் படகு புறப்பட்டது. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பத் தொடங்கி, 1924இல் முடிவுற்ற அப்பெரிய வாயில், எங்கள் பின்னே சிறுகச் சிறுகத் தேய்ந்து தீப்பெட்டியளவாயிற்று. தஞ்சை நண்பர் படகின் பின்புறத்திலேயே நின்றார். "இத்தனை ஆண்டும் கரையிலிருந்து படகைப் பார்த்தேன். படகிலிருந்து கரையைப் பார்ப்பது இதுவே முதல் தடவை" என்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா என்னும் துறையை அடைந்தோம். அங்கிருந்து பேருந்தில் அலிபாக் முக்கால் மணிப் பயணம். தரைவழியாகப் பேண் நகரைச் சுற்றி வந்தால் நூறு கிலோமீட்டரளவு வரும் ஊரை, கடல் இவ்வளவு அண்மையில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. வழியெங்கும் தென்னையும் பாக்கு மரமும் மாந்தோப்பும் ஓட்டு வீடுகளுமாக இருந்தன. சாளரத்தருகே அமர்ந்திருந்த தஞ்சை நண்பர், வயல் வரப்பு ஒன்றைக் கண்டவுடன் எங்கள் ஊர் என்றார். அடுத்த வளைவில் மலைத்தொடர் தோன்றியதும் அச்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அலிபாக் ராய்கட் மாவட்டத்தின் தலைநகரம். 1981 வரையில் இம்மாவட்டத்துக்குக் குலாபா என்றே பெயர். ஊர் பெரிதன்று. பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே சென்றுவிடலாம். சிற்றுண்டியை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கரையில் நின்றோம்.

நின்றவர்கள் சற்று நேரம் பேசவில்லை. கரை இருந்தது, கடலைக் காணோம்! கருமை கலந்த ஈர மணல் கண்ணுக்கெட்டிய தொலைவு விரிந்து கிடந்தது. மணலில் குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், கோட்டை ஒன்று ஏதோ வயலின் நடுவில் நிற்பதுபோல் நின்றது. அண்ணாச்சி தூத்துக்குடிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். "எங்கள் ஊரில் கடல் இருக்கும் இடத்திலேயே இருக்கும். இந்தக் கடல் வேலைக்குப் போய்த் திரும்புகிறதே!" என்று வியந்தார்.

அவர் வியப்பில் உண்மை உண்டு. நம் சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மீட்டரளவே. மும்பைக் கரையிலோ பௌர்ணமி அமாவாசை நாட்களில் அது நான்கு மீட்டருக்கும் மேற்படும். இப்பக்கத்தில் கடலடித் திட்டு மிக அகன்று, ஆழமற்று இருக்கிறது. வடக்கே காம்பே வளைகுடா புனல்போல் குறுகிச் செல்கிறது. உட்புகும் நீர் இடமின்றி உயர்கிறது. அவ்வளைகுடாவின் உட்பகுதியில் இவ்வேறுபாடு பத்து மீட்டரையும் தாண்டுகிறது. கிழக்குக் கரையில் பிறந்த நமக்குக் கடல் என்பது அலை. மேற்குக் கரையாருக்கோ அது வருவதும் போவதுமான ஒரு விருந்தினர்.

குதிரை வண்டியை விடுத்து நடந்தே சென்றோம். மணலில் நண்டுகள் கோலமிட்டிருந்தன. இடையிடையே கணுக்கால் அளவு நீர் தேங்கியிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பள்ளிப் பிள்ளைகள்போல் நீரை எற்றிக்கொண்டு நடந்த எங்களைக் கண்டு என் மகள் நகைத்தாள்.

கோட்டையின் பணியைச் சிவாஜி 1680இல் தொடங்கினார். அவர் மறைந்த பின் 1681இல் சம்பாஜி காலத்தில் அது நிறைவெய்தியது. 1713இல் இது கானோஜி ஆங்க்ரே என்னும் கடற்படைத் தலைவரின் ஆட்சிக்கு வந்தது. கொங்கணக் கடலில் தம் சீட்டின்றி எக்கப்பலும் செல்லலாகாது என்று ஆணை செலுத்தியவர் அவர். ஆங்கிலேயர் அவரைக் கடற்கொள்ளையர் என்று எழுதினர். தம் கடலில் தாம் சுங்கம் கேட்பது கொள்ளையாகுமா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் ஒன்றுகூடி இக்கோட்டையைத் தாக்கித் தோற்றனர். இன்று மும்பையிலுள்ள கடற்படைத் தளம் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

மதிலின் வெளிப்புறக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இன்றியே அடுக்கியிருக்கிறார்கள். மோதும் அலையின் வேகம் அவ்விடுக்குகளில் புகுந்து அடங்கிவிடுகிறது. எதிர்த்து நிற்பதைவிடச் சற்று வழிவிட்டு நிற்பது நீடித்திருக்கும் என்பதை அக்கற்கள் மூன்று நூற்றாண்டுகளாக மெய்ப்பித்து வருகின்றன. உள்ளே 1759இல் ரகோஜி ஆங்க்ரே எழுப்பிய சித்தி விநாயகர் கோயில் உள்ளது. ஒரு தர்காவும் உண்டு. உப்புக் கடலின் நடுவே நன்னீர்க் கிணறு இருப்பதைக் கண்டு நீரை அள்ளிப் பருகிப் பார்த்தோம், உப்பில்லை. வடக்கு மதிலருகே சக்கரங்களின்மேல் இரண்டு பீரங்கிகள் நிற்கின்றன. இங்கிலாந்தின் யார்க்ஷயரிலுள்ள லோ மூர் இரும்பாலையில் வார்க்கப்பட்டவை என்ற எழுத்தும், 1849 என்ற ஆண்டும் அவற்றில் காணப்படுகின்றன. 1840இல் ஆங்க்ரேயின் வாரிசு இல்லையென்று நாட்டைச் சேர்த்துக்கொண்ட பின்னரே ஆங்கிலப் பீரங்கி இக்கோட்டைக்குள் வந்தது. போரில் கிட்டாதது காகிதத்தில் கிட்டிற்று.

மராத்திப் பலகை ஒன்றின்முன் தஞ்சை நண்பர் நின்றுவிட்டார். என் மகள் அதைப் படித்துப் பொருள் சொன்னாள். அவர் நெடுநேரம் அவளையே நோக்கியிருந்து, பின்னர் கூறினார்: "தஞ்சைப் பெரிய கோயிலில் மராட்டிய அரசர் சரபோஜி 1803இல் பொறித்துவைத்த நீண்ட மராத்திக் கல்வெட்டு இருக்கிறது. சிறுவயதில் அதன் அருகே உட்கார்ந்து பொரி தின்றிருக்கிறேன். ஓர் எழுத்தும் தெரியாது. பிறகு மராத்தி நாட்டுக்கே வந்து முப்பத்து நான்கு ஆண்டு இருந்தேன். அப்போதும் கற்கவில்லை. இந்தக் குழந்தை படிக்கிறாள்."

நமக்கும் மராட்டியர்க்கும் உள்ள தொடர்பு ரயில் வண்டி வந்த பின் ஏற்பட்டதன்று. சிவாஜி 1677இல் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அவர் தம்பி ஏகோஜியின் வழியினர் 1855 வரை தஞ்சையில் இருந்தனர். மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை 2025ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் அலிபாகுக்கு அருகே கடலில் உள்ள காந்தேரியும் ஒன்று. தமிழ்நாட்டுச் செஞ்சியும் ஒன்று. அவர்கள் அங்கே வந்தார்கள். நாம் இங்கே வந்தோம். அவர்கள் வாளோடு வந்தனர். நாம் தகரப் பெட்டியோடு வந்தோம். அவ்வளவே வேற்றுமை.

கோயிலருகே எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் பேசிய மராத்தி கடற்கரை வழக்கு. எனக்கும் அண்ணாச்சிக்கும் தெரிந்த கடைத்தெரு மராத்திக்கு அது பிடிபடவில்லை. "ஆஜோபா என்ன சொல்கிறார்?" என்று மகளைக் கேட்டேன். "தண்ணீர் திரும்பிவிட்டதாம், அப்பா. முன்னாலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியுமாம். ஆனால் கரைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். முதலில் அதுதான் நிறையுமாம். உடனே புறப்படச் சொல்கிறார்" என்றாள்.

அப்போது மணி பதினொன்றைக் கடந்திருந்தது. தஞ்சை நண்பர் கடல் நோக்கிய மதில்மேல் அமர்ந்திருந்தார். "இன்னும் பத்து நிமிடம்" என்றார். அவர் மனநிலையை அறிந்த எங்களுக்கு வற்புறுத்த மனமில்லை. பத்து நிமிடம் அரைமணியாயிற்று. தவறு என்னுடையதே. குழந்தையை உடன் அழைத்துச் சென்றவன் யானன்றோ?

கீழே இறங்கிப் பார்க்கையில், வரும்போது உலர்ந்திருந்த மணல் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. பாதிவழி கணுக்கால் நீர்தான். பின்னர் முழங்கால். நடுப்பள்ளத்தில் நீர் தொடையைத் தொட்டது. ஆழம் அச்சுறுத்தவில்லை. பக்கவாட்டில் இழுத்த ஓட்டமே அச்சுறுத்தியது. ஒரு காலை எடுத்தால் மறுகாலின் கீழிருந்த மணல் நழுவிற்று. மகளை நடுவில் விட்டு இருபுறமும் கைகோத்துக்கொண்டோம். அம்முதியவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னே வந்துகொண்டிருந்தார். "இடப்பக்கம் பாறை" என்றும், "நேரே போகாதீர்கள்" என்றும் அவர் மராத்தியில் சொல்லச் சொல்ல, மகள் அதைத் தமிழில் உரக்கச் சொன்னாள். நாங்கள் அவள் சொல்லின்வழி நடந்தோம். கரையேறியபோது தஞ்சை நண்பரின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. "கடலுக்குக் காணிக்கை" என்று கூறி மற்றொன்றையும் குப்பைத் தொட்டியில் இட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

முதியவருக்கு நன்றி கூறினோம். அவர் எங்களை விட்டுவிட்டு என் மகளிடம், "எந்த ஊர், அம்மா?" என்று மராத்தியில் கேட்டார். அவள் தயங்காமல் "மும்பை" என்றாள்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் அவள் மராத்திச் சொல் கலந்து பேசினால் யான் கடிந்துகொள்வேன். தாய்மொழி தேய்ந்துவிடுமே என்ற அச்சம். ஞாயிறுதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்பிவருகிறேன், இனியும் அனுப்புவேன். ஆனால் அன்று அந்நீரில் எங்களைக் கரைசேர்த்தவை இரண்டு மொழிகள். ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் போதியிராது. அதன்பின் அவளைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை.

நண்பகல் உணவை ஒரு வீட்டு முற்றத்து உணவுச்சாலையில் கொண்டோம். அண்ணாச்சிக்கு வறுத்த வஞ்சிரம் கிடைத்தது. அதற்கு இங்கே சுர்மை என்று பெயர். எங்களுக்கு அரிசி ரொட்டி, பருப்பு, சோறு, இறுதியில் புளிப்பும் தேங்காய்ப் பாலும் கலந்த இளஞ்சிவப்பான சோல்கடி. கொக்கம் என்னும் பழத்தோலை ஊறவைத்துச் செய்வது அது. இந்நாட்டுக் கோடைக்கு அதுவே நம் மோர். பின்னர் சவுக்கு நிழலில் படுத்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தோம். விழித்துப் பார்த்தால், காலையில் நாங்கள் நடந்த வழி முழுவதும் கடல். கோட்டை தீவாகிவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை மணி. மீனவப் பெண்மணியின் முக்கால் கணக்குப் பொய்க்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஊருக்குள் நடந்தோம். முதலில் நாங்கள் கண்டது காந்தவியல் ஆய்வு நிலையத்தின் சுற்றுச்சுவர். புவியின் காந்தத்தை அளக்கும் பணி மும்பைக் குலாபாவில் 1841இல் தொடங்கிற்று. 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து எழுந்த பெரும் காந்தப் புயலை அங்கே எடுத்த அளவுகள் இன்றும் உலக அறிஞர்க்குப் பயன்படுகின்றன. பின்னர் மும்பையில் மின்சார டிராம் வரவிருந்தது. மின்னோட்டம் நுண்ணிய கருவிகளைக் கலக்கிவிடும். எனவே, அந்நிலையத்தின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் மூஸ், 1904இல் அப்பணியை அலிபாகுக்கு மாற்றினார். காந்தத் தன்மையற்ற போர்பந்தர்க் கல்லைக் கொண்டு, இரும்பு கலவாமல் கட்டடம் எழுப்பினர். ஆயினும் பழைய இடத்தை உடனே மூடிவிடவில்லை. 1904 முதல் 1906 வரை ஈரிடங்களிலும் ஒருசேர அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு, நூல் அறாதபடி இணைத்த பின்னரே பழையதை நிறுத்தினர். "இடம் மாறுகிறவர்கள் அப்படித்தான் மாற வேண்டும்" என்றார் தஞ்சை நண்பர். அவர் யாரைக் குறித்துச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்து இஸ்ரேல் ஆளி என்னும் தெரு. ஆளி என்றால் மராத்தியில் தெரு. பெனே இஸ்ரேல் எனப்படும் யூதர்கள் வாழ்ந்த தெரு அது. பன்னெடுங்காலத்துக்கு முன்னர் இக்கரையில் நவ்காவ் என்னுமிடத்தருகே கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் மட்டும் உயிர் பிழைத்துக் கரையேறினர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு. அவர்கள் கொங்கணத்து ஊர்களில் பரவி எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தனர். சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்திவிடுவர். ஆதலின் ஊரார் அவர்களைச் 'சனிவாரத் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்று அழைத்தனர். காலப்போக்கில் மராத்தியே அவர்களுக்குத் தாய்மொழியாயிற்று. சனிக்கிழமை ஓய்வை மட்டும் அவர்கள் விடவில்லை. அலி என்னும் பெயருடைய அவ்வினத்துச் செல்வர் ஒருவர் இங்கே பல கிணறுகளும் தோட்டங்களும் அமைத்தாராம். அலியின் தோட்டம், அலிபாக். ஊரின் பெயர் இவ்வாறு வந்தது என்பர்.

1848இல் தோன்றிய அவர்களுடைய தொழுகைக்கூடம் மாகேன் அவோத் அத்தெருவில் அமைதியாக நிற்கிறது. நாங்கள் சென்றதும் ஒரு சனிக்கிழமையே. ஓய்வுநாளில் உள்ளே புகுந்து இடையூறு செய்யாமல் வெளியிலிருந்தே கண்டு வணங்கினோம். இன்று இங்கே எஞ்சியுள்ளோர் சிலரே. 1948இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அங்கே போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'மாய்போலி' என்ற பெயரில் மராத்தி இதழ் நடத்தினார்கள்! மாய்போலி என்றால் தாய்மொழி. தங்கள் மூதாதையர் நாட்டுக்குத் திரும்பியவர்கள், இடையில் வாழ்ந்த நாட்டின் மொழியைத் தாய்மொழி என்று ஏந்திச் சென்றார்கள். மும்பையில் அமர்ந்து தமிழ் மாத இதழ் படிக்கும் நமக்கு அவர்களைப் புரிந்துகொள்ள உரை வேண்டியதில்லை.

தஞ்சை நண்பர் அத்தெருவில் மிக மெதுவாக நடந்தார். "ஊருக்குத் திரும்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எண்ணியிருந்தேன். அங்கே என் வயதினர் பலர் இல்லை. இளைஞர்கள் என்னைப் 'பம்பாய்க்காரர்' என்பார்கள். அவர்கள் கேட்டால் பம்பாயைப்பற்றிச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாமல் இருந்தது" என்றார். அண்ணாச்சி அவர் தோளில் கைவைத்து, "இப்போது இருக்கிறது, ஐயா. முதலில் செருப்புப் போன கதையைச் சொல்லுங்கள்" என்றார். அத்தெருவில் எங்கள் சிரிப்பொலி சற்று மிகையாகவே ஒலித்தது.

கடைத்தெருவில் செருப்பு வாங்கினோம். எதிரே அலிபாகின் வெள்ளை வெங்காயம் சடைசடையாகப் பின்னித் தொங்கவிடப்பட்டிருந்தது. காரம் குறைந்து சற்றே இனிக்கும் அவ்வெங்காயத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில்தான் சந்தைக்கு வரும். பக்கத்தில் கூடை நிறைய நுங்கு! இங்கே 'தாட்கோளா' என்கிறார்கள். பெயர் வேறு, பனை ஒன்றே. நால்வரும் நின்று தின்றோம். மீன்துறையில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடி தடை. நம் கிழக்குக் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. "அங்கே படகை இறக்கும் நேரத்தில் இங்கே ஏற்றிவிடுகிறார்கள்" என்றார் அண்ணாச்சி.

தஞ்சை நண்பர் ஊருக்கு எடுத்துச் செல்வதற்காக இரண்டு சடை வெங்காயம் வாங்கிக்கொண்டார். விலையை அவரே மராத்தியில் கேட்டார். எண்கள் தடுமாறின. கடைக்காரப் பெண்மணி பொறுமையாகத் திருத்தினார். புறப்படும்போது அவர் என் மகளிடம், "போகிறேன் என்பதற்கு மராத்தியில் என்ன சொல்ல வேண்டும், அம்மா?" என்று கேட்டார்.

"போகிறேன் என்று சொல்லக்கூடாது, பெரியப்பா. 'யேதோ' என்று சொல்ல வேண்டும். அதற்கு 'வருகிறேன்' என்றுதான் பொருள். போகும்போதும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றாள் அவள்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது ஆண்டு இவர்களோடு வாழ்ந்தும் அறியாத செய்தி அது. விடைபெறும்போது போகிறேன் என்று சொல்ல அஞ்சும் மக்கள் நாம் மட்டும் என்றே எண்ணியிருந்தோம். நண்பர் கடைக்காரப் பெண்மணியின் பக்கம் திரும்பி, கைகூப்பி, "யேதோ" என்றார். அப்பெண்மணி சிரித்துக்கொண்டே, "யா, யா" என்றார். 'வாருங்கள், வாருங்கள்' என்பது அதன் பொருள்.

மாலைப் படகில் திரும்பினோம். மேற்கே கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான். மும்பையின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. மகள் அண்ணாச்சியின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். இம்முறை தஞ்சை நண்பர் படகின் முன்புறத்தில் நின்றார்.

ஜூன் முதல் வாரத்தில் தாதர் நிலையத்தில் அவரை வழியனுப்பினோம். பெட்டிகளுக்கு மேலே அவ்வெங்காயச் சடைகள் தொங்கின. வண்டி நகர்ந்தபோது அவர் சொன்னது "யேதோ" என்பதா, "வருகிறேன்" என்பதா என்று கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே.

அன்பர்களே, அலிபாகுக்குச் சென்றுவருவதற்குப் பெரும் பொருள் வேண்டாம்; ஒரு நாள் போதும். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து செல்லும் படகுகள் நின்றுவிடும். ஆகவே கோடை முடிவதற்குள் செல்லுங்கள். முன்னதாகத் திதியைப் பார்த்து முக்கால் வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அங்குள்ளவர்களிடம் மணியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீர் திரும்பிவிட்டது என்று அவர்கள் சொன்னால் பத்து நிமிடம் கேட்காதீர்கள். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். வழி தெரிந்தவர்கள் அவர்களே.